பகல் ஃப்ளைட்டா, ராத்திரி ஃப்ளைட்டா? டிரைவரையும் கேட்டுச் சொல்லுங்க

போன வாரம் எங்கள் டேமேஜர் (அதாங்க, மேனேஜர்) கூப்பிட்டு, "அடுத்த மாசம் ஒரு வாரம் லண்டன்ல ஆணி பிடுங்கணும், டிக்கெட் பார்த்துக்கோ" என்றார். அரை மணி நேரத்தில் டிராவல் டெஸ்க்கிலிருந்து மெயில் வந்துவிட்டது. இரண்டு விமானங்கள். ஒன்று, மும்பையில் ராத்திரி இரண்டு மணி வாக்கில் கிளம்பி லண்டனில் காலை ஏழுக்குள் இறங்குவது. இன்னொன்று, மதியம் ஒரு மணிக்குக் கிளம்பி அங்கே சாயங்காலம் ஆறு மணி வாக்கில் இறங்குவது. கடைசி வரியில், "எல்லாரும் ராத்திரி ஃப்ளைட்தான் எடுப்பாங்க, அதையே போட்டுடட்டுமா?"

"போடாதீங்க" என்று ஒரே வார்த்தையில் பதில் அனுப்பினேன். ஏன் என்று சொல்ல ஒரு வார்த்தை போதாது. அதனால்தான் இவ்வளவு நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுத்துக்கொள்ளுங்கள்.

புனேயில் இருக்கும் நம்ம மக்களுக்கு விளக்க வேண்டியதில்லை. மற்ற ஊர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன். லோகேகாவில் எங்களுக்கும் ஒரு விமான நிலையம் உண்டு. ஆனால் அங்கிருந்து வெளிநாட்டுக்குப் போகும் விமானங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். லண்டனுக்கு நேராகப் போக வேண்டுமென்றால் மும்பைக்குத்தான் ஓட வேண்டும். ஹிஞ்சவாடி பக்கத்தில் இருக்கும் எங்கள் வீட்டிலிருந்து 130, 140 கிலோமீட்டர். நல்ல நாளில் மூன்று மணி நேரம். வாஷி பக்கம் மாட்டிக்கொண்டால் நாலரை. ஆக ராத்திரி இரண்டு மணி ஃப்ளைட் என்றால் சாயங்காலம் ஆறரைக்கே பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்ப வேண்டும். பயணம் தொடங்கி ஏழரை மணி நேரம் கழித்துத்தான் விமானம் தரையை விட்டு எழும்பும்!

ராத்திரிப் பயணம் என்றால் லாபம் என்ற எண்ணம் நமக்கு எங்கிருந்து வந்தது? கொஞ்சம் கொசுவத்தி சுத்திக்கிறேன். எனக்குக் கோவில்பட்டி. சின்ன வயதில் மெட்ராஸ் போவதென்றால் நெல்லை எக்ஸ்பிரஸ்தான். வீட்டில் புளியோதரையைச் சாப்பிட்டுவிட்டு ராத்திரி ஏறினால், காலையில் எழும்பூர். "ஒரு பகல் மிச்சம், ஒரு லாட்ஜ் வாடகை மிச்சம்" என்பார் அப்பா. அவர் சொன்னது சரிதான். ஏனென்றால் அவர் போனது பெர்த்தில். காலை நீட்டி, பையைத் தலைக்கு வைத்து, ஏழு மணி நேரம் குறட்டை விட்டுக்கொண்டு போனார். காலையில் இறங்கும்போது மனிதர் தெளிவாக இருப்பார்.

அதே கணக்கை நாம் விமானத்துக்குத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டோம். ஆனால் எக்கானமி சீட் பெர்த் இல்லையே! ஏறி உட்கார்ந்து, சாப்பாடு வந்து, தட்டை எடுத்துப்போய், விளக்கை அணைப்பதற்குள் விடிகாலை நாலு. பக்கத்து சீட்டுக்காரர் இரண்டு முறை எழுந்து போவார். மீண்டும் விளக்கு எரியும், ஆம்லெட் வாசனை வரும். நடுவில் கிடைத்தது மூன்று, நாலு மணி நேரம் கழுத்து ஒடிந்த தூக்கம். காலை ஏழுக்கு இறங்கி ஓட்டலுக்குப் போனால், "அறை மதியம் இரண்டு மணிக்குத்தான் சார்" என்பார்கள். பெட்டியை அங்கேயே போட்டுவிட்டு, கழிப்பறையில் முகம் கழுவி, சட்டை மாற்றிக்கொண்டு நேராக மீட்டிங்.

அப்படி ஒரு மீட்டிங்கில், க்ளையன்ட் கேட்ட கேள்விக்கு, போன மாதம் வேறொரு க்ளையன்ட் கேட்ட கேள்விக்கான பதிலைச் சொல்லியிருக்கிறேன். ரொம்ப நம்பிக்கையாக! எதிரில் இருந்தவர் முகம் போன போக்கைப் பார்த்துத்தான் எனக்கே புரிந்தது. ஓட்டல் வாடகையில் ஒரு நாள் மிச்சப்படுத்திய கம்பெனி, அந்த ஒரு மணி நேரத்தில் எவ்வளவு விட்டது என்று யாரும் கணக்குப் போடவில்லை.

சரி, நம் ஊரிலிருந்து ஐரோப்பா போகும் விமானங்களில் இத்தனை ஏன் நடுராத்திரி கிளம்புகின்றன? அங்கே விமான நிலையத்தைச் சுற்றிக் குடியிருப்பவர்கள் தங்கள் தூக்கத்தை விட்டுக்கொடுப்பதில்லை என்பது ஒரு காரணம். ஃபிராங்ஃபர்ட்டில் 2011 முதல் இரவு 11 மணியிலிருந்து காலை 5 மணி வரை விமானங்களுக்குத் தடை. லண்டன் ஹீத்ரோவில் இரவில் இத்தனை விமானம்தான், இவ்வளவு சத்தம்தான் என்று ஒதுக்கீடு. அதோடு, காலையில் போய்ச் சேர்ந்தால்தான் அங்கிருந்து அமெரிக்காவுக்கும் மற்ற ஊர்களுக்கும் கிளம்பும் இணைப்பு விமானங்களைப் பிடிக்க முடியும். காலை ஏழிலிருந்து ஒன்பது, பத்து மணி நேரத்தைப் பின்னால் எண்ணுங்கள், மணி வித்தியாசத்தையும் சேருங்கள். மும்பைக்கும் டெல்லிக்கும் மிஞ்சுவது நடுராத்திரிதான். அங்கிருந்து காலையில் கிளம்பிய விமானம் நடுராத்திரி இங்கே வந்து இறங்கும், இரண்டு மணி நேரத்தில் திரும்பிப் பறக்கும். விமானம் தரையில் சும்மா நின்றால் நஷ்டம் அல்லவா? அவர்கள் தூக்கத்துக்குச் சட்டம் இருக்கிறது. நம் தூக்கத்தைக் கேட்பதற்கு ஆளில்லை.

இதெல்லாம் புரிந்த பிறகு நான் பெரிய புத்திசாலி ஆகிவிட்டேன். இனி போவதும் பகல் ஃப்ளைட், வருவதும் பகல் ஃப்ளைட் என்று முடிவெடுத்தேன். 2019 நவம்பரில் அப்படித்தான் லண்டன் போனேன். போனது அருமை. மதியம் ஏறி, இரண்டு படம் பார்த்து, சாயங்காலம் இறங்கி, சூடாக ஏதோ சாப்பிட்டு, பத்து மணிக்குப் படுத்தேன். காலையில் ஆபீஸில் மனுஷன் மாதிரி உட்கார்ந்திருந்தேன்.

வரும்போதுதான் விஷயம்.

லண்டனில் காலை பத்து மணிக்குக் கிளம்பும் விமானம் மும்பைக்கு வரும்போது ராத்திரி பன்னிரண்டரை. இமிக்ரேஷன், பெட்டி எல்லாம் முடிந்து வெளியே வர ஒன்றரை. கம்பெனி அமர்த்திய வண்டியின் டிரைவர் பெயர்ப் பலகையோடு நின்றிருந்தார். சதாரா பக்கத்து ஆள், முப்பது வயது இருக்கும். இந்தப் பக்கத்தில் தெற்கத்திக்காரன் என்றாலே "அண்ணா"தான். "வாங்க அண்ணா" என்று பெட்டியை வாங்கிக்கொண்டார்.

எனக்குத் தூக்கம் வரவில்லை. ஒரு வாரம் லண்டனில் இருந்த உடம்புக்கு அது ராத்திரி எட்டரை மணி. அதனால்தான் பிழைத்தோம் என்று இப்போது நினைக்கிறேன். பன்வேல் தாண்டி எக்ஸ்பிரஸ்வேயில் ஏறியபோது மணி இரண்டரை இருக்கும். சாலை காலி. லாரிகள் மட்டும். கண்ணாடியில் அவர் முகத்தைப் பார்த்தேன். கண் திறந்துதான் இருந்தது, ஆனால் இமைக்கவே இல்லை. அப்புறம் தலை மெதுவாகக் கீழே போய், வெடுக்கென்று நிமிர்ந்தது. நான் வாயைத் திறப்பதற்குள் இன்னொரு முறை போனது. இந்த முறை நிமிரவில்லை. வண்டி இடப்பக்கம் சாய்ந்து, ஓரத்துக் கம்பித் தடுப்பில் உரசிக்கொண்டே ஓடியது. நான் கத்திய கத்தலில் அவர் விழித்து ஸ்டியரிங்கை ஒடித்தார்.

அடி ஒன்றும் படவில்லை. கதவில் நீளமாக ஒரு கீறல், உடைந்த கண்ணாடி, அவ்வளவுதான். இன்னும் கொஞ்ச தூரம் போயிருந்தால் கண்டாலா மலை ஏற்றம். அங்கே இது நடந்திருந்தால் இதை எழுத ஆள் இருந்திருக்காது.

ஊர்ந்துகொண்டே போய்க் காலாபூர் ஃபுட் மாலில் வண்டியை நிறுத்தினோம். டீ வாங்கிக் கொடுத்து, "காலையில எத்தனை மணிக்கு எழுந்தீங்க?" என்று கேட்டேன். கொஞ்சம் தயங்கிவிட்டு, "அஞ்சரைக்கு" என்றார். காலையில் ஐ.டி. கம்பெனி ஊழியர்களை ஏற்றி இறக்கும் டூட்டி. மதியம் ஏர்போர்ட் ஒரு தடவை. சாயங்காலம் ஒருவரை மும்பையில் இறக்கிவிட்டு, எனக்காகக் காத்திருந்திருக்கிறார். அப்போது மணி மூன்றே கால். கிட்டத்தட்ட இருபத்திரண்டு மணி நேரம் விழித்திருக்கிறார்.

"அண்ணா, கம்பெனியில சொல்லிடாதீங்க. வண்டியை விட்டு எறக்கிடுவாங்க."

சொல்லவில்லை. அவர் செய்ததைச் சொல்லவில்லை என்பது மட்டுமில்லை, அவரை அந்த நிலைக்குக் கொண்டுவந்தது எது என்பதையும் நான் யாரிடமும் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்துகிறது. இரண்டு பேரும் வண்டியிலேயே சீட்டைச் சாய்த்துக்கொண்டு ஐந்தரை வரை தூங்கினோம். அவர்தான் தூங்கினார், நான் பார்த்துக்கொண்டிருந்தேன். ஏழரைக்கு வீடு வந்தேன். தங்கமணி வாசலிலேயே நின்றுகொண்டிருந்தார். எதுவும் கேட்கவில்லை. கதவுக் கீறலைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், உள்ளே போய்விட்டார்.

அன்றைக்குத்தான் உறைத்தது. பகல் ஃப்ளைட் என்று பெருமையாகத் தேர்ந்தெடுத்தேனே, அந்தப் பயணத்தில் இருந்த ராத்திரி எங்கே போனது? எங்கேயும் போகவில்லை. என் தலையிலிருந்து எடுத்து டிரைவர் தலையில் வைத்துவிட்டேன்.

பிறகு இதைப் பற்றித் தேடிப் படித்தேன். ஆஸ்திரேலியாவில் டாசன், ரீட் என்ற இரண்டு ஆராய்ச்சியாளர்கள் 1997-ல் 'நேச்சர்' இதழில் ஒரு சோதனை முடிவை வெளியிட்டார்கள். தொடர்ந்து 17 மணி நேரம் விழித்திருப்பவரின் கை, கண், கவனம் எல்லாம், ரத்தத்தில் 0.05 சதவீதம் சாராயம் இருப்பவருடைய அளவுக்கு மந்தமாகிவிடுகின்றன. 24 மணி நேரம் விழித்திருந்தால் 0.10 சதவீதம் அளவுக்கு. நம் மோட்டார் வாகனச் சட்டப்படி 100 மில்லி ரத்தத்தில் 30 மில்லிகிராம், அதாவது 0.03 சதவீதத்தைத் தாண்டினாலே குடிபோதைக் குற்றம். புரிகிறதா? குடித்துவிட்டு ஓட்டும் வண்டியில் நம்மில் யாரும் ஏற மாட்டோம். ஆனால் இருபத்திரண்டு மணி நேரம் தூங்காதவர் ஓட்டும் வண்டியில் ஏறி, பின்சீட்டில் நிம்மதியாகக் கண்ணை மூடிக்கொள்கிறோம். ஊதிப் பார்க்கும் கருவி இதற்கு இல்லை.

விமானிகளைப் பாருங்கள். விமானப் போக்குவரத்து இயக்குநரகம் 2024 ஜனவரியில் அவர்களுக்குப் புது விதிகளை அறிவித்தது. வார ஓய்வு 36 மணியிலிருந்து 48 மணி. நள்ளிரவிலிருந்து காலை 6 வரை இரவுதான் என்று வரையறை. இரவில் தரையிறங்குவது ஆறிலிருந்து இரண்டாகக் குறைப்பு. அவை முழுசாக நடைமுறைக்கு வருவதற்குள் 2025 முடியப்போனது. அந்த டிசம்பரில் உள்நாட்டு விமானங்கள் ஆயிரக்கணக்கில் ரத்தாகி நாடே அல்லாடியது நினைவிருக்கும். விமானிக்கு ஓய்வு கொடுக்கப் போதுமான ஆள் இல்லாமல்தான் அத்தனை கலாட்டா. அப்போது நிறைய பேர் விதிகளைத் திட்டினார்கள். நான் திட்டவில்லை. அசதியில் இருப்பவர் கையில் உயிரைக் கொடுப்பது என்றால் என்ன என்று காலாபூரில் பார்த்தவன் நான்.

டிரைவர்களுக்கும் 1961-லேயே சட்டம் போட்டு, நாளுக்கு 8 மணி நேரம், வாரத்துக்கு 48 மணி நேரம் என்று எழுதி வைத்தார்கள். ஆனால் விமானியின் மணிக்கணக்கை எண்ணுவதுபோல் டாக்ஸி டிரைவரின் மணிக்கணக்கை யார் எண்ணுகிறார்கள்? அந்தத் தம்பி இப்போது சொந்த வண்டி வாங்கிவிட்டார். "இப்போ யாரும் விரட்ட மாட்டாங்களே" என்றேன். "இ.எம்.ஐ. விரட்டுது அண்ணா" என்றார்.

ஆகவே என் கட்சி இதுதான். விமானம் பகலில் பறக்கிறதா, ராத்திரியில் பறக்கிறதா என்பது சரியான கேள்வியே இல்லை. நம் வீட்டு வாசலிலிருந்து அந்த ஊர்ப் படுக்கை வரை, அங்கிருந்து திரும்ப நம் வீட்டு வாசல் வரை, ராத்திரி இரண்டிலிருந்து ஆறு வரை யார் எங்கே விழித்திருக்கப் போகிறார் என்பதுதான் கேள்வி. உடம்பு மிகவும் சோர்ந்துபோகும் நேரம் அதுதான். அந்த நேரத்தில் யாரும் சாலையில் இருக்கக் கூடாது.

அப்படிப் பார்த்தால் எனக்குக் கிடைக்கும் விடை கொஞ்சம் விசித்திரமானது. லண்டன் போகும்போது பகல் ஃப்ளைட். காலை ஆறுக்கு வீட்டிலிருந்து கிளம்பலாம், டிரைவரும் தூங்கி எழுந்து வருவார். திரும்பும்போது ராத்திரி ஃப்ளைட். லண்டனில் ராத்திரி ஒன்பது, பத்துக்கு ஏறினால் மும்பையில் முற்பகல் பதினொன்று வாக்கில் இறங்கலாம். எனக்குத் தூக்கம் அரைகுறைதான். ஆனால் நான் வேலை முடித்து வருகிறவன், வீட்டில் போய்ப் படுத்துக்கொள்வேன். கண்டாலா மலையைப் பட்டப்பகலில், தூங்கி எழுந்த ஒருவர் ஓட்டிக் கடப்போம்.

கிழக்கே போகிறவர்களுக்குக் கணக்கு வேறு. மும்பையிலிருந்து சிங்கப்பூர் ஐந்தரை மணி நேரம்தான். அங்கே கடிகாரம் இரண்டரை மணி நேரம் முன்னால். ராத்திரி பதினொன்றரைக்கு ஏறினால் அங்கே காலை ஏழரை, நம் உடம்புக்கு விடிகாலை ஐந்து. சாப்பாடு, டிபன் இரண்டையும் கழித்தால் தூக்கம் மூன்று மணி நேரம் தேறாது. நேராக ஆபீஸ் போக வேண்டியிருந்தால், குறுகிய தூர ராத்திரி ஃப்ளைட்டைப் போல மோசமானது வேறில்லை. பகலில் போய், ராத்திரி தூங்கி, மறுநாள் வேலையைப் பாருங்கள்.

"ரொம்ப சரி, ஆனா பகல் ஃப்ளைட்னா ஞாயித்துக்கிழமை போயிடுதே? புள்ளைங்களோட இருக்கிறதே அந்த ஒரு நாள்தான்" என்று ஒரு நண்பர் கேட்டார். நியாயமான கேள்வி. அவருக்கு இரண்டும் சின்னக் குழந்தைகள். தூங்க வைத்துவிட்டுக் கிளம்பலாம் என்றுதான் அவர் ராத்திரி ஃப்ளைட் எடுக்கிறார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். அவர் பிள்ளைகளுக்குக் கொடுக்கும் ஞாயிற்றுக்கிழமைக்குத் தன் தூக்கத்தை விலையாகத் தருகிறார். ஆனால் அந்த விலையை அவர் ஏன் கொடுக்க வேண்டும்? ஆபீஸ் வேலைக்காகத்தானே போகிறோம்? திங்கட்கிழமை பகலில் பறந்தால் என்ன? பயணமும் வேலைதான். வேலை நாளில் செய்யட்டும். மீட்டிங் செவ்வாய்க்கிழமை நடந்தால் லண்டன் பாலம் இடிந்து விழுந்துவிடாது. :-)

அப்படியும் கம்பெனி ராத்திரி ஃப்ளைட்தான் என்றால், முதல் நாள் ராத்திரியிலிருந்தே ஓட்டல் அறையைப் போடச் சொல்லுங்கள். இறங்கியதும் மூன்று மணி நேரம் படுக்க இடம் வேண்டும். திரும்பி வரும் விமானம் நடுராத்திரி இறங்கினால், விமான நிலையம் பக்கத்திலேயே தங்கிவிட்டு விடிந்த பிறகு வண்டி ஏறுங்கள். டிராவல் டெஸ்க்கில், "வண்டி வருதா?" என்று கேட்பதோடு நிறுத்தாமல், "டிரைவர் எத்தனை மணியிலேர்ந்து டூட்டியில இருக்கார்?" என்றும் கேளுங்கள். ஆரம்பத்தில் விசித்திரமாகப் பார்ப்பார்கள். நாலு பேர் கேட்டால் பழகிவிடும். 2025 டிசம்பர் 25 முதல் நவி மும்பை விமான நிலையம் இயங்குகிறது. அங்கே இறங்கினால் புனேக்காரர்களுக்கு வாஷி பாலத் தொல்லை மிச்சம். ஆனால் மலையும் டிரைவரின் தூக்கமும் அப்படியேதான் இருக்கும்.

தங்கமணியிடம் இதைப் படித்துக் காட்டினேன். "உங்க தூக்கம், டிரைவர் தூக்கம் எல்லாம் எழுதியிருக்கீங்க. வீட்டுல இருக்கிறவ தூக்கம் எங்கே?" என்றார். உண்மைதான். நான் ராத்திரியில் போனால், "ஏறியாச்சு" என்று செய்தி வரும்வரை ரெண்டு மணி வரை அவர் விழித்திருக்கிறார். நடுராத்திரி இறங்கினால், எக்ஸ்பிரஸ்வேயில் புள்ளி நகர்வதைப் போனில் பார்த்துக்கொண்டு விடியும்வரை உட்கார்ந்திருக்கிறார். ஜூனியரை ஏழு மணிக்கு ஸ்கூல் வண்டி ஏற்றிவிட்டு அவரும் வேலைக்குத்தான் போகிறார். 2019-க்கு முன்னால் நான் ஒரு தடவைகூட இதைக் கணக்கில் சேர்த்ததில்லை.

டிராவல் டெஸ்க் என் மெயிலுக்கு, "திங்கட்கிழமைப் பயணத்துக்குக் காரணம் எழுதவும்" என்று ஒரு படிவம் அனுப்பியிருந்தார்கள். காரணம் என்ற கட்டத்தில், "தூக்கம்: மூன்று பேருடையது" என்று எழுதி அனுப்பினேன். டேமேஜர் போன் பண்ணி, "யாருய்யா அந்த மூணு பேரு?" என்று கேட்டார். காலாபூர் கதையை முதல்முறையாக ஆபீஸில் ஒருவரிடம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

வண்டிக்குச் சொந்த வண்டிக்காரத் தம்பியைத்தான் சொல்லியிருக்கிறேன். காலை ஆறு மணிக்கு என்றதும், "அப்போ முந்தின ராத்திரி வேற சவாரி எடுக்க மாட்டேன் அண்ணா" என்று அவராகவே சொன்னார். அந்தச் சவாரிக்கான காசையும் சேர்த்தே பில்லில் போடச் சொல்லியிருக்கிறேன். கம்பெனி தரவில்லையென்றால் நான் தந்துகொள்கிறேன்.